புனிதரின் போர்வையும் தச்சரின் வேலியும்

காலை எட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன. குறுகலான தெரு, கல் பாவிய தரை, இருமருங்கும் உயர்ந்த சுவர். சுவரிலே ஒரு மாடம். மாடத்திலே ஒரு சிறு சிலை. சிலையின் முன்னே வெள்ளுடை தரித்து, கழுத்திலே செந்நிறக் குட்டை கட்டி, சுருட்டிய செய்தித்தாளைக் கையிலே உயர்த்திப் பிடித்து நிற்கிறது இளைஞர் கூட்டம். பாடுகிறார்கள். வழி நடத்தும்படியும் அருள் புரியும்படியும் அந்தச் சிலையிடம் இறைஞ்சுகிறார்கள். ஒரு முறை பாடினால் புனிதரின் செவிக்கு எட்டாதோ என்னவோ, மும்முறை பாடுகிறார்கள்!

மணி எட்டு. வாணம் வெடிக்கிறது. தொழுவத்தின் கதவு திறக்கிறது. ஒவ்வொன்றும் 500, 600 கிலோ எடையுள்ள 6 காளைகள், பழக்கிய எருதுகள் உடன்வர, சீறிப் பாய்கின்றன. முன்னே மனிதர்; பின்னே காளை. ஏறத்தாழ 850 மீட்டர் தொலைவு. பெரும்பாலான நாட்களில் மூன்று நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்றே நிமிடம்! அதற்குள் சிலர் வீழ்கிறார்கள், சிலர் மிதிபடுகிறார்கள், சிலர் கொம்பிலே குத்துண்டு குருதி சிந்துகிறார்கள். விழுந்தவன் எழுந்து நின்றால் போதும், "புனிதர் தமது போர்வையை விரித்தார், பிழைத்தாய்!" என்று வாழ்த்துகிறார்கள் சுற்றி நிற்போர்.

விரித்தாராம் போர்வையை! அந்தப் போர்வையைச் சற்றே பிரித்துப் பார்ப்போம், தோழர்களே! உள்ளே இருப்பது புனிதமா, புனைவா என்று காண்போம்.

இடம், ஸ்பெயின் நாட்டு நவார்ரா மாநிலத்தின் தலைநகராம் பம்ப்லோனா. விழா, சான் பெர்மின் திருவிழா. ஆண்டுதோறும் ஜூலை 6 நண்பகலிலே தொடங்கி 14ஆம் நாள் நள்ளிரவிலே முடிவது. நவார்ரா என்ற பெயர் நமக்கு முற்றிலும் புதிதன்று. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே தமது சமயத்தைப் பரப்பினாரே சவேரியார், அவர் பிறந்த மண் அது. அந்த நாட்டுக்குக் காவற் புனிதர் இருவர். ஒருவர் அந்தச் சவேரியார், மற்றவர் இந்தப் பெர்மின். இருவருள் சவேரியார் வரலாற்று மனிதர். கடிதம் எழுதினார், கடல் கடந்தார், காலமும் இடமும் குறிக்கப்பட்டுள்ளன. பெர்மினோ கதை மனிதர்! ரோமானியர் காலத்துப் பம்ப்லோனாவில் பெருங்குடியிலே பிறந்தாராம், கிறித்துவம் தழுவினாராம், ஆயர் ஆனாராம், பிரான்சு நாட்டு அமியான் நகரிலே தலை வெட்டுண்டு மாண்டாராம். நடந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே கதை ஏட்டில் ஏறுகிறது. அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே அவருக்கு வழிபாடு தழைத்தது 12ஆம் நூற்றாண்டிலேதான். 1186ஆம் ஆண்டு, அவரது உடலின் எச்சம் என்று ஒன்று அமியானிலிருந்து வந்து சேர்ந்த பிறகு!

சரி, கதையே ஆகட்டும். காளைக்கும் அவருக்கும் என்ன உறவு? அவரது ஆசானாகக் கூறப்படும் சாடுர்னினுஸ் என்பாரைத் துலூஸ் நகரிலே காளையோடு கட்டி இழுத்துக் கொன்றார்கள் என்பது ஒரு பழங்கதை. காலப்போக்கிலே ஆசானின் சாவு மாணவனின் கணக்கிலே வரவு வைக்கப்பட்டது. பெர்மினே காளையால் இழுபட்டு மாண்டார் என்று சொல்வோர் கிளம்பினர். கழுத்திலே கட்டும் செந்நிறக் குட்டை வெட்டுண்ட கழுத்தின் குருதியைக் குறிக்கிறது என்று விளக்கம் கூறுவோரும் அவர்களே. தலை வெட்டுண்டாரா, காளையால் இழுபட்டாரா? இரண்டும் ஒருவருக்கே எப்படி நேரும்? கேட்பாரில்லை. கேட்டால் நாத்திகன்!

உண்மையிலே காளைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் புனிதருமல்லர், பாதிரிமாருமல்லர். மாட்டை ஓட்டிப் பிழைத்த ஏழைத் தொழிலாளிகள். இடைக்காலத்திலே அந்த ஊரில் சந்தை கூடிற்று. சந்தையோடு காளைச்சமரும் நடந்தது. சமருக்கு வேண்டிய காளைகளை ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து நகரின் நடுவே இருந்த திடலுக்கு விடியற்காலையிலே விரட்டி வந்தார்கள். முரட்டு விலங்கை முடுக்கிச் செல்ல ஓசை வேண்டும், கோல் வேண்டும், கால் வலிமை வேண்டும். ஊர் இளைஞர்கள் கூடவே ஓடினார்கள். நாளடைவில் காளைக்கு முன்னே ஓடத் தொடங்கினார்கள். அவ்வளவே. தொழிலாகத் தொடங்கியது, விளையாட்டாக வளர்ந்தது, பின்னர் அதன்மீது வழிபாடு என்ற வண்ணம் பூசப்பட்டது.

வண்ணம் பூசினால் என்ன, மகிழ்ச்சிக்குரிய விழாதானே என்பீர்கள். மகிழ்ச்சிக்கு நான் பகைவனல்லேன். ஆனால் போர்வையின் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

1977ஆம் ஆண்டு, அரங்கத்தின் வாயிலிலே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தபோது 17 வயதுச் சிறுவன் மூச்சுத் திணறி மாண்டான். 1980ஆம் ஆண்டு, ஒரே காலையில் ஒரே காளை இருவரைக் கொன்றது. 1995ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த 22 வயது இளைஞன் நகர்மன்றத்துத் திடலிலே விழுந்தான், எழ முயன்றான், கொம்பிலே குத்துண்டு மடிந்தான். 2009ஆம் ஆண்டு, ஜூலை 10, 27 வயது இளைஞன் ஒருவன். கணக்கு வைக்கத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் மாண்டோர் பதினைவருக்குக் குறையார். காயமுற்றோரோ ஒவ்வோர் ஆண்டும் 200, 300 என்று எண்ணப்படுகின்றனர்.

பிழைத்தவனுக்குப் போர்வை விரித்தார் என்றால், மாண்டவனுக்கு ஏன் விரிக்கவில்லை? அந்த 17 வயதுச் சிறுவன் செய்த குற்றம் என்ன? போர்வை சிறிதா? புனிதருக்கு மறதியா? பிழைத்தால் புனிதரின் அருள், மாண்டால் மாண்டவனின் விதி! வெற்றியெல்லாம் மேலுலகுக்கு வரவு. தோல்வியெல்லாம் மண்ணுலகுக்குச் செலவு. இப்படி ஒரு கணக்கப்பிள்ளை வாணிகக் கடையிலே கணக்கு எழுதினால் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். சமயக் கடையிலோ அவனுக்கு மாலை!

பிழைத்தவர்களை உண்மையிலே காத்தது எது? அதையும் பார்ப்போம். 1776ஆம் ஆண்டு, ஓடும் வழியை வேலியிட்டு அடைக்கத் தொடங்கினார்கள். 1867ஆம் ஆண்டு, நேரமும் வழியும் ஒழுங்கும் குறித்து நகர்மன்றம் விதி வகுத்தது. 1939ஆம் ஆண்டு, காளையொன்று வேலியை உடைத்து வெளியேறி, வேடிக்கை பார்த்து நின்ற பெண்ணொருத்தியைக் குத்தியது. அதன் பின்னரே இரட்டை வேலி வந்தது. முதல் வேலிக்கும் இரண்டாம் வேலிக்கும் இடையே உள்ள வெளியிலே ஓடுபவன் ஒதுங்கலாம். மருத்துவத் தொண்டர் நிற்கலாம். 2005ஆம் ஆண்டு முதல், காளைகள் வழுக்கி விழும் கொடுந்திருப்பத்திலே தரைக்கு வழுக்காத பூச்சு பூசுகிறார்கள். பச்சைச் சட்டை அணிந்து நீண்ட கோலேந்திய மேய்ப்பர் காளையின் பின்னே ஓடி, அது திரும்பித் தாக்காதபடி விரட்டுகிறார்கள். குடித்தவனையும் 18 வயது நிரம்பாதவனையும் காவலர் அப்புறப்படுத்துகிறார்கள். செஞ்சிலுவைத் தொண்டர் தூக்குப் படுக்கையோடு காத்து நிற்கிறார்கள். மருத்துவமனையிலே அறுவை மேசை ஆயத்தமாக இருக்கிறது.

போர்வை மெய்யானால் வேலி எதற்கு? அருள் உறுதியானால் அறுவை மேசை எதற்கு? கேளுங்கள் தோழர்களே! வாயால் புனிதரை வாழ்த்துகிற அந்த ஊர், உயிர் என்று வந்ததும் தச்சனை அழைக்கிறது, மருத்துவனை அழைக்கிறது, மேய்ப்பனை அழைக்கிறது. அதை நான் பழிக்கவில்லை, பாராட்டுகிறேன். நம்பிக்கை நாவிலே இருக்கிறது, அறிவு கையிலே இருக்கிறது. கை செய்த வேலைக்கு நாவு நன்றி கூறக் கூடாதா என்பதே என் கேள்வி. உளி பிடித்தவனுக்குக் கூலி. ஊமைச் சிலைக்குப் புகழ்! உலகெங்கும் உழைப்பவனுக்கு இழைக்கப்படும் அநீதியின் சிறு வடிவமன்றோ இது?

இங்கேதான் பழைமைவாதி பாய்ந்து வருகிறார். "வேலியும் வேண்டும், மருத்துவனும் வேண்டும், ஒப்புகிறேன். ஆனால் இது எங்கள் மரபு, மூதாதையர் தந்தது, மாற்றொணாதது, இதிலே கை வைக்காதே!" என்கிறார்.

மாற்றொணாததா? ஐயா, உமது மரபின் வரலாற்றை நீர் படித்ததுண்டா?

பெர்மினின் விழா முன்னாளில் அக்டோபரிலே நடந்தது. அக்டோபரிலே மழை, குளிர். கூட்டம் கலைந்தது, கொண்டாட்டம் கெட்டது. 1591ஆம் ஆண்டு ஜூலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆம்! வானிலை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் புனிதரின் திருநாளையே பெயர்த்து எடுத்து வைத்த ஊர் அது. காளை ஓடும் தெரு 1856ஆம் ஆண்டு மாறியது. இன்று உலகமே படமெடுக்கும் எஸ்டபெட்டா தெரு அதற்குப் பிறகே வழியிலே சேர்ந்தது. ஓட்டம் போய்ச் சேரும் அரங்கம் 1922ஆம் ஆண்டு கட்டியது. அந்த வெள்ளுடை, செங்குட்டை? தொன்றுதொட்டு வந்த கோலம் என்று எண்ணுவீர்கள். 1931ஆம் ஆண்டு ஓர் இளைஞர் கழகம் அணிந்து வந்த சீருடை அது. எளிதாகக் கிடைத்தது, விலை மலிந்தது, பிறர் பின்பற்றினர். நகர்மன்ற மாடத்திலிருந்து தொடக்க வாணம் விடுவது 1941ஆம் ஆண்டு வந்த வழக்கம். கடல் கடந்து கூட்டம் வந்து குவிவது, 1923இல் அங்கு முதன்முதல் சென்ற அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1926இல் வெளியிட்ட நாவலுக்குப் பிறகு. பாட்டனார் காலத்து மரபு என்கிறீரே, பாதி மரபு பாட்டனாரைவிட இளையது!

இன்னும் கேளுங்கள். அந்தத் தெருவிலே ஓடப் பெண்களுக்கு 1974ஆம் ஆண்டு வரை தடை. பெண் ஓடினால் மரபு மாய்ந்துவிடும் என்றார்கள். தடை விலகியது; பெண்கள் ஓடினார்கள்; மாய்ந்தது மரபன்று, மமதை!

2016ஆம் ஆண்டு விழா நாளில் ஐந்து ஆடவர் சேர்ந்து ஓர் இளம்பெண்ணைச் சீரழித்தனர். விழாவென்றால் விதி இல்லை, கூட்டமென்றால் குற்றம் இல்லை என்ற திமிர் பெற்ற பிள்ளை அந்தக் கொடுமை. 2018ஆம் ஆண்டு நவார்ரா நீதிமன்றம் அதை வன்புணர்ச்சி என்று கூற மறுத்து, 9 ஆண்டுத் தண்டனையோடு நிறுத்தியது. பெண்கள் வீதிக்கு வந்தனர். ஸ்பெயின் நாட்டு நகரமெங்கும் வீதிகள் நிரம்பின. 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வன்புணர்ச்சியே என்று தீர்ப்பளித்து 15 ஆண்டு விதித்தது. 2022ஆம் ஆண்டு, பெண்ணின் இசைவே அளவுகோல் என்று நாட்டின் சட்டமே திருத்தப்பட்டது. அந்தப் பெண்ணின்மேல் விரியாத போர்வை எதற்கு? அவளுக்கு நீதியைப் பெற்றுத் தந்தது மேலுலகத்துப் போர்வையன்று. வீதியிலே எழுந்த பெண்களின் குரல்!

உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1937லும் 1938லும் விழா இல்லை. கொள்ளை நோய் பரவியபோது, 2020லும் 2021லும் விழா இல்லை. காளையின் கொம்பிலிருந்து காக்கும் புனிதர் கண்ணுக்குத் தெரியாத கிருமியிலிருந்து காக்கமாட்டாரா என்று எவரும் வாதாடவில்லை. அறிவு சொன்னது, அடங்கினார்கள். அதுவே முறை.

ஆக, மழைக்காக மாற்றினீர்கள், போருக்காக நிறுத்தினீர்கள், நோய்க்காக நிறுத்தினீர்கள், பெண்ணின் உரிமைக்காகத் திருத்தினீர்கள். மழைக்காக மாற்றத் தகுந்த மரபை, குருதிக்காக மாற்றலாகாதோ?

குருதி என்றேன். மனிதக் குருதியை மட்டும் கூறவில்லை. காலையிலே ஓடிய காளை மாலையிலே என்ன ஆகிறது? வேடிக்கை பார்க்க வருவோரில் பலர் அறியாத செய்தி இது. அன்று மாலையே அரங்கத்திலே, ஏறத்தாழ 20,000 பேர் பார்த்திருக்க, ஆறு காளைகளும் கொல்லப்படுகின்றன. முதலில் குதிரைமேல் வருபவன் ஈட்டியால் பிடரித் தசையைக் குத்துகிறான், தலை தாழ்கிறது. பின்னர் முள்முனைக் கோல்களை முதுகிலே செருகுகிறார்கள். இறுதியில் வாள். எட்டு நாள் ஓட்டம், நாளொன்றுக்கு 6, ஆக 48 காளைகள்! காலைத் தெரு என்பது மாலைக் கொலைக்களத்துக்கு வழி.

ஓடும் இளைஞனின் துணிவை நான் மறுக்கவில்லை. அவன் விரும்பி வந்தவன். அஞ்சினால் ஒதுங்க அவனுக்கு வேலி உண்டு. அடிபட்டால் ஏந்தக் கரம் உண்டு. காளைக்கு? வழுக்கும் கல்லிலே, வெடியோசையிலே, ஆயிரம் குரலுக்கு நடுவே, எங்கே போகிறோம் என்று அறியாமல் ஓடுகிறது அது. அது போட்டிக்குப் பெயர் கொடுத்ததா? வாய்ப்பு இருவர்க்கும் சமமாக இருந்தாலன்றோ அது வீரம்? முடிவு முன்பே எழுதப்பட்ட போரிலே வெல்பவன் வீரனா, விற்பனைப் பண்டமா?

"அப்படிச் சொல்லாதே! அரங்கத்தின் வருவாய் அறத்துக்குச் செல்கிறது" என்று அடுத்த அம்பை எய்கிறார் பழைமைவாதி. மெய்தான். அந்த அரங்கத்துக்கு உரிமையாளர், 1706ஆம் ஆண்டு தோன்றிய ஓர் அறநிலையம். முதியோரைப் பேணுகிறது. அதன் பெயரைத் தமிழிலே சொன்னால், இரக்க இல்லம்! இரக்க இல்லத்துக்கு அரக்கச் செயலால் வருவாய்! முதியோர் பசியாற வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதியோரைக் காப்பது நகரத்தின் கடன், காளையின் கடனன்று. எட்டு நாளும் விடுதியும் மதுக்கடையும் ஈட்டுகின்ற பெரும்பொருளிலே ஒரு பங்கைச் சட்டப்படி எடுத்து அந்த இல்லத்துக்குக் கொடுங்கள். முதியவரின் கஞ்சியிலே குருதி கலவாமல் ஊட்ட வழி இருக்கிறது, மனந்தான் இல்லை.

"சமயத்தைப் புண்படுத்தாதே" என்பது கடைசி அம்பு. எந்தச் சமயம்? 1567ஆம் ஆண்டு, போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், காளைச்சமர் மனிதருக்குத் தகாது, பேய்களுக்கே தகும் என்ற கருத்திலே ஆணை பிறப்பித்து, அதை நடத்தும் மன்னரையும் திருச்சபையிலிருந்து விலக்குவதாக எச்சரித்தார். ஸ்பெயின் மன்னர் முகம் சுளித்தார். 1575ஆம் ஆண்டு அடுத்த போப்பாண்டவர் தடையைத் தளர்த்தினார். 1596ஆம் ஆண்டு வேறொருவர் ஸ்பெயினுக்கு ஏறக்குறைய முழுவதுமே விலக்கு அளித்தார். 1567இல் பாவம்; 1596இல் பாவமில்லை! இடையிலே மாறியது ஆண்டவனின் மனமா, அரண்மனையின் அழுத்தமா? சமயம் என்கிறவர் எந்த ஆண்டின் சமயம் என்று சொல்லட்டும், பிறகு பேசுவோம்.

அந்த நாட்டிலேயே விழித்தவர்கள் இருக்கிறார்கள். கேனரித் தீவுகள் 1991ஆம் ஆண்டே காளைச்சமரை விலக்கின. கேடலோனியா 2010ஆம் ஆண்டு தடைச் சட்டம் இயற்றியது. 2016ஆம் ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. சட்டம் வீழ்ந்தும் பார்சிலோனாவின் பேரரங்கிலே சமர் மீளவில்லை. ஏன்? சட்டப் புத்தகத்திலிருந்து அழித்தாலும் மக்கள் மனத்திலே எழுதியதை அழிக்க முடியவில்லை. பம்ப்லோனாவிலும் விழாவுக்கு முன்னே கொலையை எதிர்த்து ஊர்வலம் நடத்தியவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது விழாவை ஒழிக்க அன்று. விழாவிலிருந்து வாளை ஒழிக்க.

"ஊரூராய்க் குறை காண வந்தாயே, உன் ஊரிலே காளை இல்லையோ?" என்று எவரேனும் கேட்கலாம். இருக்கிறது. நான் எடுத்த அளவுகோல் மரக்கோல். எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். என் ஊர் வாயிலிலே அதை ஒடித்தெறிய நான் கேட்கமாட்டேன். எதையும் எவரும் அளக்கட்டும். அளந்து பார்த்து நிற்பது நிற்கட்டும்.

வாளை எடுத்துவிட்டால் பம்ப்லோனாவில் எஞ்சுவது என்ன? எவ்வளவோ! 1860ஆம் ஆண்டு அவ்வூர்க் கலைஞர் ஒருவர் செய்த எட்டுப் பேருருவப் பதுமைகள் இருக்கின்றன. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு நிலப்பகுதிகளின் அரசரும் அரசியரும்! ஆளுயரத்துக்கு இருமடங்கு உயர்ந்த அந்தப் பதுமைகளைத் தோளிலே தாங்கி, குழலும் முழவும் ஒலிக்கத் தெருத்தெருவாய் ஆடிவருகிறார்கள். குழந்தைகள் கை கொட்டுகிறார்கள். எவர் குருதியும் சிந்தவில்லை. எந்த உயிரும் அஞ்சவில்லை. உலகத்து மக்களெல்லாம் ஒரே தெருவிலே கூடி ஆடுவதாக ஒரு தச்சுப் பட்டறையிலே ஒரு மனிதன் கண்ட கனவு அது. இதுவன்றோ விழா!

ஜூலை 14, நள்ளிரவு. நகர்மன்றத்தின் முன்னே மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நிற்கிறார்கள்; விழா முடிந்ததே என்று வருந்திப் பாடுகிறார்கள்; கழுத்துக் குட்டையை அவிழ்க்கிறார்கள். அந்த 48 காளைகளுக்காக அங்கே ஏற்றும் மெழுகுவத்தி இல்லை.

மறுநாள் தச்சர்கள் வருகிறார்கள். மரையைக் கழற்றுகிறார்கள்; பலகையைப் பெயர்க்கிறார்கள்; வண்டியிலே அடுக்குகிறார்கள். அந்த வேலியை நட்டவன் மனிதன், பெயர்ப்பவனும் மனிதன். அந்த விழாவை அமைத்தவனும் அவனே, நாளை மாற்றியவனும் அவனே, வழியை மாற்றியவனும் அவனே. எஞ்சியிருப்பது ஒரே ஒரு மாற்றம். அதைச் செய்ய எந்த மாடத்துச் சிலையிடமும் மும்முறை பாட வேண்டியதில்லை. மனிதன் தன் மனச்சான்றை ஒரு முறை கேட்டால் போதும்.